கராம்பு மணந்த தட்டு

முதலில் சத்தம்தான் வந்தது. காலுக்குக் கீழே நிலமே வெடித்தது போன்ற சத்தம். வலி பிறகுதான் வந்தது, நான் விழுந்து, ஏன் விழுந்தேன் என்று திரும்பிப் பார்த்தபோது. இடது கால் முழங்காலுக்குக் கீழே காற்சட்டையோடு சேர்ந்து கிழிந்து கிடந்தது. உள்ளே வெள்ளையாகத் தெரிவது எலும்பு என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இடம் லக்கல பக்கம். சேனையில் (காடு வெட்டிப் பயிர் செய்யும் மேட்டுநிலம்) விளைந்த பூசணியும் சோளமும் ஏற்றுவதற்காக என் சின்ன லொறியோடு போயிருந்தேன். வீடு மாத்தளை டவுனில், பிழைப்பு அந்த லொறியில். சேனைக்காரர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். நான் மூத்திரம் பெய்ய வேலியோரம் ஒதுங்கினேன். காட்டுப்பன்றிக்காக அங்கே கட்டுத்துவக்கு (கம்பியில் கால் இடறினால் தானாக வெடிக்கும் நாட்டுத் துவக்கு) வைத்திருந்தார்கள். பன்றியின் உயரத்துக்கு வைத்த குறி என் கெண்டைக்காலுக்குச் சரியாக இருந்தது. மூத்திரம் பெய்யப் போய்ச் சுடுபட்டவன் என்று மார்க்கெட்டில் இன்றைக்கும் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

சேனைக்காரர் "மல்லி, மல்லி" என்று அழுதுகொண்டே ஓடி வந்தார். தம்பி, தம்பி என்கிறார். துவக்கு அவருடையதா, பக்கத்துச் சேனைக்காரனுடையதா என்பது பொலிஸ் பார்த்துக்கொண்ட கதை, இங்கே வேண்டாம். தன் சாரத்தைக் கிழித்து என் காலைக் கட்டினார். கை ட்ரக்டரின் பெட்டியில் பூசணிகளுக்கு நடுவே என்னைக் கிடத்தி ரோட்டுக்குக் கொண்டுவந்தார். வழி நெடுக அவரைக் கொல்லப்போவதாகச் சொல்லிக்கொண்டே வந்தேனாம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை மறைத்து எழுதினால் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

ஆனால் இந்தக் கட்டுரை வெடியைப் பற்றியது அல்ல. வெடி காலைக் கிழித்தது, அவ்வளவுதான். காலை எடுத்துக்கொண்டு போக வந்தது கண்ணுக்குத் தெரியாத வேறொன்று. உங்களில் யாராவது ஆறாத காயத்தோடு ஒரு வார்டில் படுத்துக்கொண்டு, லெபோரட்டரியிலிருந்து வரப்போகும் ஒரு பதிலுக்காகக் காத்திருந்தால், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை. அங்கே இருந்தவர்கள் என்னைக் காப்பாற்றியவர்கள். நடந்த முட்டாள்தனம் எங்கள் குடும்பத்துக்கே சொந்தமானது.

முதல் ஒப்பரேஷனில் இரும்புத் துண்டுகளையும் துணிக் கந்தலையும் மண்ணையும் தோண்டி எடுத்தார்கள். உடைந்த எலும்பை அசையாமல் பிடிக்க வெளியிலிருந்து கம்பிகளை இறக்கி ஒரு சட்டம் மாட்டினார்கள். காயத்தைத் தைக்கவில்லை. இப்படிப்பட்ட காயத்தை மூடினால் உள்ளே அழுகும், திறந்தே இருக்கட்டும் என்று சர்ஜன் சிங்களத்தில் சொன்னார். நான் அவரிடம் ஒன்றுதான் கேட்டேன். கிளட்ச் மிதிக்க முடியுமா என்று கேட்டேன். லொறியில் கிளட்ச் மிதிப்பது இடது கால். அது இல்லாவிட்டால் லொறி இல்லை, லொறி இல்லாவிட்டால் நான் யார் என்று எனக்கே தெரியாது. "முதலில் கால் இருக்கட்டும், பிறகு கிளட்சைப் பார்ப்போம்" என்றார்.

சேலைன் வழியாக மருந்து ஏறிக்கொண்டே இருந்தது. அன்டிபயோட்டிக் (கிருமியைக் கொல்லும் மருந்து) ஒன்று, பிறகு அதை நிறுத்தி இன்னொன்று. காய்ச்சல் விடவில்லை. பகல் சாப்பாட்டு நேரத்தில் நடுக்கம் வரும். கட்டில் கம்பிகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போடும் அளவுக்கு நடுங்குவேன். பற்கள் அடித்துக்கொண்டதில் ஒருமுறை நாக்கைக் கடித்து வாயெல்லாம் இரத்தம். பிறகு ஒரு சூடு வரும், என்னை உள்ளிருந்து யாரோ போட்டு மிதிப்பதுபோல. அப்போது யார் பக்கத்தில் வந்தாலும் திட்டினேன். தண்ணீர் கொண்டுவந்த மிஸ்ஸியின் (தாதியரை எங்கள் ஊரில் அப்படித்தான் அழைப்போம்) கையைத் தட்டிவிட்டேன். கோப்பை பறந்து எதிர்க்கட்டில் ஆளின் நெஞ்சில் விழுந்தது.

அதன் பிறகு நாற்றம் தொடங்கியது.

அதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. வெயிலில் லொறித் தட்டில் மறந்துபோன பூசணி அடியில் கசிந்தால் வரும் வாடை, அதோடு இறைச்சி. கட்டுத்துணியில் மஞ்சளும் பழுப்புமாக வழிந்தது. பக்கத்துக் கட்டில்காரர் துவாயால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தார். என் மனைவி ரெஜினா அதைப் பார்த்துவிட்டாள். அவள் மாதா கோயிலுக்குப் போகும்போது பிள்ளையின் சப்பாத்தில் தூசி இருந்தாலே கூசிப்போகிறவள். அன்று முழுக்க அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அந்த வாரம் சர்ஜன் கல்ச்சர் எழுதினார். கல்ச்சர் என்றால் காயத்தில் பஞ்சுக்குச்சியை ஒற்றி எடுத்து, அதைக் கிருமிக்குப் பிடித்த உணவுப் பசை பூசிய சிறு வட்டத் தட்டில் தேய்த்து, சூட்டில் வைத்து, என்ன முளைக்கிறது என்று பார்ப்பது. முளைத்த கிருமியை இன்னொரு தட்டில் பரப்பி, ஒவ்வொரு மருந்தும் ஊறிய சின்னக் காகித வில்லைகளை மேலே வைப்பார்கள். இது சென்சிடிவிட்டி பரிசோதனை (எந்த மருந்துக்கு இந்தக் கிருமி சாகும் என்று பார்ப்பது). மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றி ஒன்றும் முளைக்காத வட்டம் விழும். வேலை செய்யாவிட்டால் கிருமி வில்லையை ஒட்டியே வளரும். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்று தெரிந்தது, நாளைக் காலையில் ஒரு டொக்டர் வந்து காயத்திலிருந்து எடுக்கப்போகிறார் என்பது மட்டும்தான்.

இங்கே என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரெஜினாவின் அண்ணன் பெனடிக்ட். பல்லேபொலவில் அவருக்குச் சின்னதாக ஓர் எண்ணெய் வடிப்புக் கொட்டில் இருக்கிறது. கராம்பு இலையும் கறுவா இலையும் வேகவைத்து எண்ணெய் எடுப்பார். அவர் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் மணம் அவருக்கு முன்னால் நுழையும். பல்வலியோ, மூட்டுவலியோ, குளவி கொட்டியதோ, எதற்கும் அவரிடம் ஒரே மருந்து. எங்கள் மாவட்டத்தில் இதில் அதிசயம் ஒன்றுமில்லை. சுற்றிலும் விளைவது அதுதான், கை முதலில் போவதும் அதை நோக்கித்தான்.

அன்று காலை மிஸ்ஸி கட்டை அவிழ்த்து, காயத்தைத் திறந்து வைத்துவிட்டு, டொக்டர் வருகிறார் என்று சொல்லி அடுத்த கட்டிலுக்குப் போனார். ரெஜினா கதவுப் பக்கம் பார்த்தாள். பெனடிக்ட் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தார்.

"டொக்டர் வர்ற நேரத்துல இப்படி நாறிக்கிட்டா கிடப்பாரு? நம்மள என்ன நினைப்பாங்க" என்றாள் ரெஜினா.

"ரெண்டு சொட்டுதான் மச்சான். நாத்தமும் போகும், பூச்சியும் சாகும். பல்லக் கடிச்சிக்குங்க" என்றார் பெனடிக்ட்.

வீட்டுக்கு ஆள் வந்தால் முன்னறையைக் கூட்டிப் பெருக்குகிற பழக்கம்தான் இதுவும். என் காயத்தை இவர்கள் விருந்தாளிக்காகச் சுத்தம் செய்தார்கள்.

ரெண்டு சொட்டு இல்லை. பஞ்சில் நனைத்து, திறந்த சதை முழுவதும் ஒற்றினார். நான் கத்தியது மருந்து கொடுக்கும் அறை வரை கேட்டிருக்கிறது. அது எரிச்சல் இல்லை, தீ. என்ன செய்கிறேன் என்று தெரியாமல் வலது காலை வீசினேன், கையையும் வீசினேன். என் கைமுட்டி பெனடிக்டின் வாயில் இறங்கியது. முன்பல் ஒன்று உடைந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. அவர் அதைப் பார்த்தார், லேஞ்சியில் (கைக்குட்டையில்) சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார், இரத்தம் வடிந்த வாயோடு, "எரியுதுன்னா வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றார். எனக்கு இன்னொரு அடி கொடுக்கத் தோன்றியது. அதற்குள் டொக்டர் வந்துவிட்டார்.

வந்தவர் பயிற்சிக்கு வந்த சின்னப் பெண். முகமூடி போட்டிருந்தார், ஒரு கையில் பட்டியல், ஐந்தாறு பேரைப் பார்க்க வேண்டிய அவசரம். பஞ்சுக்குச்சியை ஒற்றி எடுத்துக்கொண்டு போனார். வார்டு முழுக்கக் கராம்பு மணந்தது. பக்கத்துக் கட்டில்காரர் துவாயை இறக்கி என்னைப் பார்த்துச் சிரித்தார். ரெஜினாவின் முகத்தில் அன்றுதான் நிம்மதி பார்த்தேன்.

இரண்டொரு நாளில் ரிப்போர்ட் வந்தது. ஒன்றும் முளைக்கவில்லை.

எங்கள் கட்டிலைச் சுற்றி நடந்த கொண்டாட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ரெஜினா சிலுவை போட்டுக்கொண்டாள். பெனடிக்ட் உடைந்த பல்லோடு வார்டில் ஒவ்வொரு கட்டிலாகப் போய்க் கதை சொன்னார். இங்கிலீஷ் மருந்தால் முடியாததை அவருடைய எண்ணெய் முடித்துவிட்டது என்று. இரண்டு பேர் போத்தல் கேட்டார்கள். நானும் நம்பினேன். நம்பும்படியாகத்தான் இருந்தது, நாற்றம் குறைந்திருந்தது, மேல்சதை வெளுத்து உலர்ந்திருந்தது. டொக்டர்களும் அந்தப் பதிலை வைத்து, சேலைன் மருந்தை நிறுத்தி மாத்திரைக்கு மாற்றினார்கள். இந்தக் காய்ச்சல் எலும்பு உடைந்ததன் காய்ச்சலாக இருக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நாங்கள் கொடுத்த பொய்யைத்தான் தட்டு திருப்பிச் சொன்னது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரம். ரெஜினா மகள் ஷெரினைக் கூட்டிவந்திருந்தாள். ஷெரின் பாலர் வகுப்பில் படிக்கிறாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று எனக்கு அவள் முகம் இரண்டாகத் தெரிந்தது. நடுக்கம் பிடித்தபோது இதுவரை வந்ததெல்லாம் விளையாட்டு என்று ஆயிற்று. உடல் கட்டிலிலிருந்து எழும்பி எழும்பி விழுந்தது. சேலைன் கம்பம் சாய்ந்தது. என் முழங்கை பட்டு ஷெரின் தரையில் விழுந்தாள். அவள் வீரிட்டு அழுத சத்தம் என் காதில் ஊசிபோல இறங்கியது. அவளைத் தூக்கக் கை நீட்டினேன், கை எனக்குக் கீழ்ப்படியவில்லை.

மிஸ்ஸி கட்டைப் பிரித்தார். வெளுத்து உலர்ந்த மேல்சதையை அழுத்தினார். கீழிருந்து பீறிட்டு வந்தது. கணுக்கால் பக்கம் கறுத்திருந்தது.

சர்ஜன் வந்தார். செப்சிஸ் (கிருமித் தொற்று காயத்தோடு நிற்காமல் உடல் முழுவதையும் அடித்து வீழ்த்தும் நிலை) என்றார். இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் சுற்றி வளைக்கவில்லை.

"முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டி வரும். ஆளைக் காப்பாற்றுவதா காலைக் காப்பாற்றுவதா என்று வந்தால் நான் ஆளைத்தான் காப்பாற்றுவேன்."

நான் அவர் சட்டையைப் பிடித்தேன். பிடித்தேன் என்று பிறகு சொன்னார்கள். பொத்தான் ஒன்று என் கையோடு வந்துவிட்டதாம். அவர் என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, என் கையைப் போர்வைக்குள் வைத்துவிட்டுப் போனார்.

அன்றுதான் டொக்டர் நஸீரா வந்தார். இந்த ஆஸ்பத்திரியின் மைக்ரோபயோலொஜிஸ்ட் (கிருமிகளை ஆராயும் மருத்துவர்). நோயாளியின் கட்டிலுக்கு அவர் வருவது தினமும் நடப்பதில்லை. குள்ளமான பெண்மணி, முக்காடு போட்டிருந்தார், மூச்சு வாங்கியது. வார்டுக்குள் வந்து நின்று காற்றை முகர்ந்தார். கண்கள் நேராகப் பெனடிக்டிடம் போயின.

"இந்தக் காயத்துக்கு யாரு கராம்பு எண்ணெ போட்டது?"

பெனடிக்ட் பெருமையோடுதான் கையைத் தூக்கினார்.

"எனக்கு ஒன்னும் முளைக்காத தட்டு ஒன்னு வந்துச்சு. இப்படி நாறுற காயத்துல ஒன்னும் இல்லாம எப்படின்னு மூடியத் திறந்து பார்த்தா குப்புன்னு கராம்பு வாசம். யாரோ கைல எண்ணெ பூசிக்கிட்டு வேலை பார்த்திருப்பாங்கன்னு நினைச்சேன். இப்பத்தான் இவருக்கு மோசமாயிட்டுன்னு போன் கோல் வந்துச்சு. அப்பத்தான் விளங்கிச்சு."

"என் எண்ணெ நல்ல எண்ணெ டொக்டர். கலப்படமே இல்ல" என்றார் பெனடிக்ட்.

"நல்ல எண்ணெதான். அதுதான் பிரச்சினை." அவர் குரல் உயரவே இல்லை. "மேல இருந்ததெல்லாம் செத்துப்போச்சு. பஞ்சுக்குச்சிலயும் எண்ணெ ஒட்டி, தட்டுல வந்து விழுந்ததும் செத்துப்போச்சு. சதைக்கு உள்ள இருக்கிறதுக்கு ஒன்னும் ஆகல. அது வளருது. நாங்க ஒன்னுமில்லன்னு நினைச்சி மருந்த நிப்பாட்டிட்டோம்."

பெனடிக்ட் அப்படியே சுவரோடு சாய்ந்தார். எனக்கு எழுந்து அவர் கழுத்தை நெரிக்க வேண்டும்போல் இருந்தது. எழ முடிந்திருந்தால் செய்திருப்பேன், சந்தேகமில்லை. ரெஜினா சொன்னாள், "நான்தான் போடச் சொன்னேன் டொக்டர். நாத்தத்துக்காக." டொக்டர் நஸீரா அவள் தோளில் கை வைத்தார். "நாத்தம் எங்களுக்குத் தேவை தங்கச்சி. அதுதான் எங்களுக்குச் சொல்லுது" என்றார்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிருமி பார்க்க எடுக்கும் நாளில் காயத்தைக் கழுவாதீர்கள், பூசாதீர்கள், மணக்க வைக்காதீர்கள். ஏற்கெனவே எதையாவது போட்டுவிட்டிருந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். காயம் நாறினால் உங்கள் குடும்பத்தின் மானம் போகாது. ஒன்றும் முளைக்கவில்லை என்ற பதில் வந்தால் உடனே கோயிலுக்கு நன்றிப் பூசை கொடுக்க ஓடாதீர்கள்.

டொக்டர் நஸீராவும் சர்ஜனும் என் கட்டில் காலடியில் நின்று வாக்குவாதப்பட்டார்கள். சிங்களத்தில், மெதுவாக, ஆனால் கத்தி வீசுவதுபோல. சர்ஜன் காலை இன்றே எடுக்க வேண்டும் என்றார். டொக்டர் நஸீரா ஆழத்துச் சதையிலிருந்து ஒரு துண்டு வேண்டும், பிறகு தட்டுக்கு நேரம் வேண்டும் என்றார். கிருமி முளைக்க ஒரு நாள், வில்லைகள் பதில் சொல்ல இன்னொரு நாள், அதை யாராலும் விரட்ட முடியாது. கடைசியில் சர்ஜன் ஒப்புக்கொண்டார். அழுத்தம் இன்னும் கொஞ்சம் இறங்கினால் யாரையும் கேட்காமல் வெட்டுவேன் என்றார்.

ஒப்பரேஷன் தியேட்டரில் அழுகியதை வெட்டி எறிந்தார்கள். உள்ளிருந்து எடுத்த துண்டு தட்டுக்குப் போனது. துண்டு எடுத்த கையோடு மெரோபெனம் என்ற மருந்தை ஏற்றினார்கள். அது சுலபமாகக் கொடுக்கிற மருந்தல்ல, டொக்டர் நஸீராவின் அனுமதி இருந்தால்தான் வெளியே வரும். பெரிய மருந்து, இதற்கு அடங்காதது குறைவு என்று மிஸ்ஸி சொன்னார்.

அந்தக் காத்திருப்பை நான் யாருக்கும் விரும்ப மாட்டேன். எங்கோ ஒரு கீழ் அறையில், சூட்டுப் பெட்டிக்குள், ஒரு தட்டில் என் எதிரி வசதியாகப் படுத்து வளர்ந்துகொண்டிருக்கிறான். அவன் வளர்ந்தால்தான் எனக்கு விமோசனம். அதே நேரத்தில் என் காலுக்குள்ளும் வளர்கிறான். காய்ச்சல் இறங்கவில்லை. பெரிய மருந்து ஏறியும் இறங்கவில்லை. அவ்வப்போது சர்ஜன் வந்து முழங்காலுக்கு மேலே தொட்டுப் பார்ப்பார். அந்தத் தொடுதல் எனக்குப் புரியும். வாழைக்குலை வெட்ட வந்தவன் தண்டைத் தட்டிப் பார்ப்பதுதான் அது.

டொக்டர் நஸீரா திரும்பி வந்தபோது தன் தொலைபேசியில் ஒரு படம் காட்டினார். தட்டைக் கீழேயிருந்து கொண்டுவர முடியாது என்றார். நான் என்னைக் கொல்ல வந்ததை முதல்முறை பார்த்தேன். சாம்பல் நிறத்தில், மூக்குச்சளிபோல, கொழகொழவென்று தட்டு முழுக்க. கிளெப்சியெல்லா என்று பெயர். குடலில் சாதாரணமாகக் கிடக்கும் கிருமியாம். மருந்துகளோடு பழகிப் பழகி எதற்கும் அசையாமல் ஆகிவிட்ட கூட்டம் இது, காயம் திறந்திருந்தபோது வார்டிலிருந்தே ஏறியிருக்கலாம் என்றார். அதன்மேல் வெள்ளை வில்லைகள் வட்டமாக இருந்தன. ஒவ்வொரு வில்லையையும் ஒட்டி, உரசிக்கொண்டு, அது வளர்ந்திருந்தது. மெரோபெனம் வில்லையைச் சுற்றியும்தான். எனக்கு அந்தப் படத்தில் துப்ப வேண்டும்போல் இருந்தது.

"இங்க பாருங்க" என்று அவர் ஓர் ஓரத்தைப் பெரிதாக்கினார்.

ஒரு வில்லையைச் சுற்றி மட்டும் வெறும் வட்டம். சுத்தமாக, விளிம்பு தெளிவாக, உள்ளே ஒன்றுமே இல்லை. அந்தச் சளிக்கூட்டம் அந்த எல்லையில் வந்து நின்றுவிட்டிருந்தது.

"அமிகாசின். பழைய மருந்து. நாங்க இப்ப அவ்வளவா நினைக்கிறதே இல்ல. வட்டத்த அளந்தாச்சு, போதுமான அளவு இருக்கு. இதுக்கு இவன் சாவான்." அவர் கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா இது கிட்னிக்கும் காதுக்கும் கெடுதி. கிட்னிய நாங்க தினமும் ரத்தம் பார்த்துக் காப்பாத்திக்குவோம். காது போனா போனதுதான். திரும்பி வராது. எல்லாருக்கும் போறதில்ல. உங்களுக்குப் போகுமா இல்லையான்னு எந்தத் தட்டும் எனக்குச் சொல்லாது."

"வேற ஒன்னும் இல்லீங்களா டொக்டர்?" என்றாள் ரெஜினா.

"மத்ததெல்லாம் நீங்களே பார்த்தீங்கதானே."

ரெஜினா என்னைப் பார்த்தாள். "ஏங்க, நீங்க சொல்லுங்க. நான் ஒருதடவ சொல்லித்தான் இந்தக் கதி."

கிளட்ச் மிதிக்கக் காது வேண்டியதில்லை என்றேன். அதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. வெடி பட்டபோதுகூட அப்படிப் பயப்படவில்லை.

அதன் பிறகு நடந்தது சண்டை. மருந்து ஏறும், சர்ஜன் வெட்டுவார், மறுபடி ஏறும். கட்டு மாற்றும்போது வலி மருந்தையும் மீறி நான் கட்டில் சட்டத்தைப் பிடித்து இழுத்ததில் அதன் கம்பி வளைந்துவிட்டது. என் தலைமாட்டில் நின்று தோளை அழுத்திப் பிடித்தவர் பெனடிக்ட். பல் போன வாயை இறுக மூடிக்கொண்டு பிடிப்பார். அவர் கைகளில் கராம்பு மணம் இல்லை. ஒவ்வொரு நாளும் வார்டுக்கு வருமுன் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோல் வெடித்திருந்தது. அதைப் பார்த்த நாளில்தான் அவரைக் கொல்லும் எண்ணத்தை விட்டேன்.

ஒரு பிற்பகல் நடுக்கம் வரவில்லை. வரும் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன், தேநீர் வந்தது. அடுத்த நாளும் வரவில்லை. காயத்தின் அடியில் சிவப்பாகப் புதுச்சதை தெரிந்தபோது சர்ஜன் மிஸ்ஸியைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு என்னிடம், "என்னுடைய பொத்தானைத் திருப்பிக் கொடுங்கள்" என்றார்.

காது அந்த வாரமே இரைய ஆரம்பித்தது. தூரத்தில் சிள்வண்டு கத்துவதுபோல, நிற்காமல். சொன்னவுடன் மருந்தை நிறுத்தினார்கள், அதற்குள் அது தன் வேலையை முடித்திருந்தது. இரண்டு வேலையையும்.

பிறகு தொடையிலிருந்து தோல் எடுத்து மூடினார்கள், சட்டத்தைக் கழற்றினார்கள், ஊன்றுகோலோடு நடந்தேன், ஊன்றுகோல் இல்லாமல் நடந்தேன். அதெல்லாம் நீண்ட கதை, உங்கள் டொக்டர் உங்களுக்குச் சொல்வார். என் உடம்பு இப்போது எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

தடித்த சத்தங்கள் எனக்குக் கேட்கின்றன. பஸ், இடி, பெனடிக்டின் குரல். மெல்லிய சத்தங்கள் போய்விட்டன. குக்கர் விசில் அடித்து நீர் வற்றிக் கருகிய பிறகு வாடையால்தான் எனக்குத் தெரியும். முன்பு இஞ்ஜினைக் காதால் கேட்டு கியர் மாற்றுகிறவன் நான். இப்போது கிளட்சில் வைத்த காலால் கேட்கிறேன். குழி விழுந்த அந்தக் கெண்டைக்காலில் தோலுக்கு உணர்ச்சி இல்லை, எலும்புக்கு உண்டு. இஞ்ஜின் முக்கினால் எலும்பு எனக்குச் சொல்லிவிடும். லக்கலவுக்கும் போய்வருகிறேன். வண்டியை விட்டு இறங்கினால் ரோட்டை விட்டு விலகுவதில்லை.

பொறுமை வந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் நேரத்தைப் பற்றிய நினைப்பு மாறிவிட்டது. எதையாவது இப்போதே முடி என்று யாரையாவது அதட்ட வாயெடுக்கும்போது, அந்தத் தட்டு நினைவுக்கு வருகிறது. அதை நானும் அதட்டிப் பார்த்தவன்தான்.

அந்தக் கூட்டத்தில் மருந்துக்கு அசையாதவன் இன்னும் எங்கேயாவது ஒரு வார்டில் இருப்பான், அதுவும் எனக்குத் தெரியும். அதை நினைத்தால் இப்போதும் கை முட்டி இறுகுகிறது.

போனவற்றில் ஷெரினின் குரலும் ஒன்று. மெல்லிய, கீச்சென்ற குரல் அவளுக்கு. வாய் அசைவது தெரிகிறது, சொல் வந்து சேர்வதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கட்டிலிலிருந்து விழுந்து அவள் அழுத அழுகைதான் நான் அவள் குரலை முழுதாகக் கேட்ட கடைசித் தடவைகளில் ஒன்று. நான் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தால் அவள் எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேன். முதலில் சட்டையைப் பிடித்து இழுத்தாள், முதுகில் தட்டினாள். பிறகு அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். பின்னால் வந்து என் இடது காலில் ஓங்கி ஓர் உதை கொடுப்பாள்.

ரெஜினா அவளை அடிக்கப் போனாள். பெற்ற அப்பாவைக் காலால் உதைக்கிற பிள்ளையை எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. நான் தடுத்துவிட்டேன். அந்தக் காலில் உதைக்க ஓர் இடம் மிச்சம் இருக்கிறதே, உதைக்கட்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் ஒன்று விழுந்தது. சரியாக எலும்பில். திரும்பிப் பார்த்தேன், அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.